நிலாவிலிருந்து வரப்போகிறவள்

போன வாரம் சேனாபதியை டிரைவ்வேயில், ஓடாத காருக்குள் உட்கார்த்தி வைத்துவிட்டு வந்தோம். ஆபீசுக்குக் கிளம்பியவன், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கராஜ் கதவையே பார்த்தபடி இருந்தான். மனைவி யூலான் ஜூன் மாதம் இறந்ததிலிருந்து இது அவனுக்குப் பழகிவிட்டது. யாராவது வந்து கண்ணாடியைத் தட்டினால்தான் வண்டி நகரும்.

அன்றைக்குத் தட்டியவள் அக்கா சாந்தாமணி.

“தம்பி, போறதுன்னாப் போ. இல்லேன்னா உள்ள வந்து இன்னும் ரெண்டு இட்லி தின்னு. ரெண்டுங்கெட்டானா இப்படி உக்காந்துட்டு இருந்தா பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா என்ன நெனைக்கும்?”

போனான். டிசம்பர் கடைசி ராத்திரி உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிப்போகும் என்று ஊரே பயந்துகொண்டிருந்த 1999 அது. ஹூஸ்டனில் ஒரு எனர்ஜி கம்பெனியில் அந்தக் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் சேனாபதிக்குச் சம்பளம். வீட்டுக்குள் வந்த குழப்பத்துக்கு மட்டும் அவனிடம் வைத்தியம் கிடையாது.

சுகர் லேண்டில் இருந்த அந்த வீட்டில் இப்போது மூன்று பேர். சேனாபதி, அவன் மகள் வெண்பா, கோபிசெட்டிபாளையத்திலிருந்து வசந்த காலத்தில் வந்த சாந்தாமணி. தம்பி பெண்டாட்டிக்குப் புற்றுநோய் என்றதும், விசிட்டர் விசாவில் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க வந்தவள் அவள். இப்போது குழந்தைக்காக விசாவை நீட்டித்துக்கொண்டு இருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் தேங்க்யூ, ஸாரி, நோ.

இந்தத் தேசத்தில் அவளுக்கு ஒரே ஒருவர் மேல்தான் கோபம். யூலானின் அப்பா லின். தைவானில் காலேஜ் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. பெல்லேர் பக்கம், காரில் அரைமணி தூரத்தில் தனியாக இருக்கிறார். நோய்ப் படுக்கையில் மகளுக்குத் தினமும் சூப் கொண்டுவந்து ஊட்டிய மனுஷன், மகளை எரித்த அன்றைக்கு மட்டும் வரவில்லை. பெத்த மனசு இப்படியும் கல்லாகுமா என்று சாந்தாமணி அன்றைக்கு ஆரம்பித்தவள் இன்னும் முடிக்கவில்லை.

வெண்பாவுக்கு ஆறு வயது, ஃபர்ஸ்ட் கிரேடு. தமிழ் புரியும், அப்பனுக்கு ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். அம்மா பேசிய சீனம் நன்றாக வரும். சனிக்கிழமை சைனீஸ் ஸ்கூலும் உண்டு. அத்தையிடம் மட்டும், வேறு வழியில்லாமல், கிடைத்த தமிழ் வார்த்தைகளைப் பொறுக்கிப் போட்டுப் பேசுவாள்.

யூலான் இறந்த சாயங்காலம் குழந்தை பக்கத்து வீட்டில் இருந்தது. சேனாபதி போய்த் தூக்கிக்கொண்டு வந்தான். “வேர் இஸ் மம்மி?” என்று கேட்டது. அவனுக்கு வாய் வரவில்லை. மரத்துக்கு மேலே நிலா தெரிந்தது. கையைத் தூக்கிக் காட்டிவிட்டான்.

குழந்தை அதற்கப்புறம் கேட்கவில்லை. ஆறு வயசுக்கு இது போதும் என்று பெரியவர்கள் நினைத்துக்கொண்டார்கள். போதவில்லை என்பது இந்த வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது.

*

ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கிய வெண்பா பையைக்கூடக் கழற்றவில்லை. நேராகச் செருப்பு அலமாரியைக் குடைந்தாள். யூலான் வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் துணிச் செருப்பை அடியிலிருந்து இழுத்து, வாசல் கதவுக்கு உள்பக்கம், வருகிறவர்கள் கால் நுழைக்க வசதியாக ஜோடி சேர்த்து வைத்தாள்.

“அது எதுக்குக் கண்ணு இப்ப?”

“மம்மிக்கு. ஷீ இஸ் கமிங் டுநைட், அத்தை.”

சாந்தாமணிக்கு மம்மி புரிந்தது. டுநைட்டும் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுக் குழந்தை பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“யாரு சாமி சொன்னாங்க உன்கிட்ட?”

“சைனீஸ் ஸ்கூல்ல டீச்சர். இன்னைக்கு மூன் ஃபெஸ்டிவல்.”

பாதித் தமிழும் பாதி ஆங்கிலமும் நிறையக் கையாட்டலுமாக வெண்பா கதை சொன்னாள். ரொம்ப முன்னாடி வானத்தில் பத்து சூரியன் இருந்ததாம். ஒரே சூடாம். ஹோவ்-யி என்கிற வில்லாளி ஒன்பதை அம்பு விட்டுத் தள்ளிவிட்டானாம். அதற்குப் பரிசாக, சாகாமல் இருக்கிற மருந்து அவனுக்குக் கிடைத்ததாம். அதைத் திருட ஒரு கெட்டவன் வந்தபோது, அவன் கைக்குப் போகக் கூடாதென்று வில்லாளியின் மனைவி சாங்-அ தானே குடித்துவிட்டாளாம். குடித்ததும் உடம்பு லேசாகி, மிதந்து மிதந்து நிலாவுக்கே போய்விட்டாளாம்.

“அவ ஹஸ்பண்ட் ரொம்ப அழுதான். அப்புறம் கார்டன்ல டேபிள் போட்டு, அவளுக்குப் பிடிச்ச ஃப்ரூட் எல்லாம் வெச்சான். அதுதான் ஃபெஸ்டிவல்.”

“அப்புறம்?”

“அப்புறம் எல்லாரும் ‘ஜோங்ச்சியூ ஜியே குவைலெ’ சொல்லணும். ஹேப்பி மூன் ஃபெஸ்டிவல். பெரியவங்க ‘துவான்யுவான்’னும் சொல்லுவாங்க. அப்படின்னா, நிலா இன்னைக்கு ரவுண்டா இருக்குல்ல, அது மாதிரி ஃபேமிலியும் முழுசா இருக்கணும். எவ்வளவு தூரத்துல இருந்தாலும் இன்னைக்கு எல்லாரும் வீட்டுக்கு வந்துருவாங்க. டீச்சர் சொன்னாங்க.”

பெருமையாக அத்தையைப் பார்த்தாள். “டாடி சொன்னாரு, மம்மி மூன்ல இருக்காங்கன்னு. ஸோ, டுநைட்.”

குழந்தையின் கணக்கில் தப்பே இல்லை. சீனத்துக் கதையில் நிலாவுக்குப் போன ஒரு மனைவி. நிலாவைக் காட்டி ஊட்டின சோற்றிலேயே வளர்ந்த தமிழ் அப்பன், வாய் வராமல் காட்டிய அதே நிலா. இரண்டையும் கூட்டினால் வேறு என்ன விடை வரும்? சாந்தாமணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து போனாள். போன் சுவரில் இருந்தது.

*

“தம்பி, நீ உடனே பொறப்பட்டு வா.”

“என்னாச்சுக்கா? வெண்பாவுக்கு ஜுரமா?”

சொன்னாள்.

“இருக்கியா?”

“இருக்கேன். அக்கா, நீயே எப்படியாவது சொல்லிரு. பொம்பளைங்க சொன்னா கொழந்தைக்கு...”

“நானு எந்தப் பாஷையில சொல்றது? ‘ஸாரி, நோ’ன்னா? பெத்த அப்பன் நீ இருக்கறப்ப நானெதுக்குச் சொல்லோணும்? பொழுது விழுந்து நிலா வந்துட்டா அந்தப் புள்ள வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்கும். அதை என்னாலே பாக்க முடியாது தம்பி.”

போனை வைத்தவன் கம்ப்யூட்டரை அணைத்தான். லிஃப்ட் பக்கத்தில், அடுத்த டிபார்ட்மெண்ட் சீனாக்காரர் சென் எதிரே வந்தார். யூலான் விஷயம் அவருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை உற்சாகத்தில் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்கள் குடும்பம் இன்றைய நிலவைப் போல முழுமையாக இருக்கட்டும் என்று வாழ்த்தினார். சேனாபதி தேங்க்யூ சொன்னான். உங்களுக்கும் அப்படியே என்றும் சொன்னான். ஃபிஃப்டி-நைன் ஃப்ரீவேயில் வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. முதல் தடவையாக அந்த டிராஃபிக்கைப் பார்த்து நிம்மதிப்பட்டான்.

*

அவனுக்கு முன்னால் லின் வந்துவிட்டார்.

சாந்தாமணி கதவைத் திறந்தாள். லின் ஒரு கையில் சிவப்புத் தகர டப்பா, இன்னொரு கையில் பம்பளிமாஸ் பழப் பையோடு நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. தலையைக் குனிந்தார். அவளும் குனிந்தாள், கோபத்தோடுதான்.

டப்பாவில் நிலாப் பலகாரம் என்பது மூடியில் இருந்த படத்திலேயே தெரிந்தது. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது என்று விநாயகர் சதுர்த்திக்குக்கூட ஒரு கொழுக்கட்டை பிடிக்காதவள் அவள். வாங்கலாமா கூடாதா என்று ஒரு கணம் தடுமாறினாள். துக்க வீட்டுக்குச் சொந்தக்காரர்கள்தானே வெளியிலிருந்து பலகாரம் கொண்டுவர வேண்டும்? இந்த மனுஷனுக்கு நம்ம வழக்கம் தெரிய நியாயமில்லை, இருந்தாலும் முறையாகத்தான் வந்திருக்கிறார் என்று வாங்கிக்கொண்டாள்.

உள்ளே வந்த லின் தரையில் இருந்த துணிச் செருப்பைப் பார்த்தார். அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தார். வெண்பா ஓடி வந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு சீனத்தில் படபடவென்று பேசினாள். சாந்தாமணிக்கு ஒரு வார்த்தையும் தெரியாது; ஆனால் குழந்தை என்ன சொல்கிறதென்று எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. லின் அவள் கைகளை மெல்ல விலக்கினார். பழங்களைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார்.

குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. என்னவென்று எட்டிப் பார்த்தாள் சாந்தாமணி. லின் பழத்தைக் கழுவவில்லை. சிங்க்கைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் அழுதுகொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின.

இந்த மனுஷனைத்தான் கல் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. போய்க் குழாயை மூடினாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு சொம்பு தண்ணீரை முன்னால் வைத்தாள்.

“தண்ணி குடிங்க சம்பந்தி,” என்றாள். அவரைச் சம்பந்தி என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. லின்னுக்கு அது என்ன சொல் என்று தெரியாது. தண்ணீரைக் குடித்தார்.

*

சேனாபதியின் கார் வந்து நின்றது. அவன் இறங்கவில்லை. சாந்தாமணி போய்க் கண்ணாடியைத் தட்டவில்லை. கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“உன்ற மாமனாரு சிங்க்கைப் புடிச்சுட்டு அழுவறாரு. இத்தனை பாசம் வெச்ச மனுஷன் அன்னைக்கு ஏன் வரலை?”

“அவங்க வழக்கத்துல பெத்தவங்க பிள்ளையோட சாவுக்கு வரக் கூடாதுக்கா. வயசானவங்க சின்னவங்களை வழியனுப்பக் கூடாதாம். அன்னைக்குப் பூரா அவர் வீட்டுல திரையைப் போட்டுட்டுத் தனியா உக்காந்திருந்தார்.”

“இதை ஏண்டா எங்கிட்டச் சொல்லலை? மூணு மாசமா அந்த மனுஷனைத் திட்டிட்டுக் கெடக்கேன்.”

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். “எதையும் சொல்ல முடியலைக்கா. யார்கிட்டயும்.”

அவனை அடிக்கலாம் போல இருந்தது அவளுக்கு. மடியில் போட்டுக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல், “இன்னைக்குச் சொல்லோணும்,” என்றாள். “நாங்கூட நிக்கறேன். வா.”

*

பின்பக்கப் புல்தரையில் வெண்பா மடக்கு மேஜையை விரித்து வைத்திருந்தாள். உரித்த பம்பளிமாஸ், டீ, நடுவில் நிலாப் பலகாரம் ஒன்று. மேலே சீன எழுத்து அச்சுக் குத்தின, உள்ளங்கை அகல வட்டம். சுற்றிலும் நாற்காலிகள். அவள் அம்மாவுக்குப் போட்டது மெத்தை வைத்த நல்ல நாற்காலி. தலையில் அவளே ஒரு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் முடியப்போகிறது, டெக்சஸ் புழுக்கம் மட்டும் முடியவில்லை. கொசு கடித்தது. பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலே நிலா மெதுவாக ஏறியது. பெரிசாக, மஞ்சளாக, அதில் ஒரு குறையும் இல்லை.

“ஷீ இஸ் லேட்,” என்றாள் வெண்பா. கொஞ்ச நேரம் கழித்து, “மேபி டிராஃபிக்,” என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை.

லின் கத்தியை எடுத்தார். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை துண்டு, எல்லாம் சரிசமமாக இருக்க வேண்டும், அதுதான் முறை. கத்தியைப் பலகாரத்துக்கு மேலே வைத்துக்கொண்டு மருமகனைப் பார்த்தார்.

“ஹவ் மெனி?”

வயசானவர் வேண்டுமென்றேதான் கேட்டார். சேனாபதிக்கு அது புரிந்தது. சாந்தாமணி அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“நாலு,” என்றான்.

“ஃபைவ், டாடி. யூ ஃபர்காட் மம்மி.”

சேனாபதி நாற்காலியை விட்டு இறங்கிப் புல்லில் முட்டி போட்டான். ஆங்கிலத்தில் மெத்தென்ற வார்த்தைகள் நிறைய இருக்கின்றன. ஆபீசில் அவற்றையெல்லாம் அவன் சொல்லியிருக்கிறான். இப்போதும் அவைதான் வாய்க்கு வந்தன. அவற்றைச் சொன்னால் மறுபடியும் நிலாவைக் காட்டினது போலத்தான் ஆகும். விழுங்கிக்கொண்டான்.

“மறக்கலை கண்ணு. அம்மா செத்துப்போயிட்டாங்க. ஆஸ்பத்திரியில, ஜூன் மாசமே. நிலாவுல இல்லை. நான் உங்கிட்டப் பொய் சொன்னேன்.”

வெண்பா அவனைப் பார்த்தாள். நிலாவைப் பார்த்தாள்.

“டெட்?”

“ஆமா.”

“நாட் கமிங்?”

“வர மாட்டாங்க கண்ணு.”

குழந்தை திரும்பியது. “அத்தை, உனக்குத் தெரியுமா?”

“தெரியுஞ் சாமி,” என்றாள் சாந்தாமணி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தாத்தாவிடம் சீனத்தில் கேட்டாள். லின் தலையை மட்டும் அசைத்தார்.

“எல்லாருக்கும் தெரியும்,” என்றாள் வெண்பா. கோபித்துக்கொண்டு கத்தியிருந்தால் தேவலை. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். தன்னை மட்டும் விளையாட்டில் சேர்க்காத பிள்ளைகளைப் பார்ப்பது போல மூன்று பேரையும் பார்த்தாள். மூன்று பேருக்கும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு கேட்டாள். “அப்போ மம்மி எங்க?”

சேனாபதி வீட்டைத் திரும்பிப் பார்த்தான். இனிமேல் பொய் சொல்லக் கூடாது என்று அவன் இப்போதுதான் முடிவு செய்திருந்தான்.

“வீட்டுலதான். என் ரூம் குளோசட்ல. ஒரு பெட்டியில அம்மாவோட சாம்பல் இருக்கு.”

சாந்தாமணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. காரியம் முடிந்த மறுநாளே கால்வெஸ்டன் கடலில் கரைத்துவிட்டேன் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தான். ஈரத்துண்டோடு வந்து நின்றானே, அதையும் நம்பினாள்.

“ஏண்டா கரைக்கலை?”

“கடற்கரை வரைக்கும் போனேங்கா. முடியலை. கரைச்சுட்டா அவ இல்லேன்னு ஆயிருமே.”

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இந்த வீட்டில் யூலானுக்காகக் காத்துக்கொண்டிருந்தது குழந்தை மட்டும் இல்லை.

லின் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இந்தத் தமிழ் ஒன்றும் புரியவில்லை. அங்கே மூன்று மொழியும் தெரிந்த ஆள் ஒருத்திதான். வெண்பா தாத்தா பக்கம் திரும்பி, நிதானமாக, ஸ்கூலில் பாடம் ஒப்பிப்பது போலச் சீனத்தில் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் கையிலிருந்த கத்தி மேஜையில் இறங்கியது. அவர் எழுந்து நின்றார். சட்டையை இழுத்துச் சரிசெய்தார். ஏதோ கேட்டார்.

“கோங்கோங்குக்கு அன்னைக்கு வரக் கூடாதாம்,” என்று வெண்பா தாத்தாவைக் காட்டி அத்தைக்குச் சொன்னாள். “இப்ப மம்மியைப் பாக்கலாமான்னு கேக்குறாங்க.”

“என்னைக் கேக்கோணுமா கண்ணு? அவரு பெத்த புள்ளை.”

சேனாபதி மாடிக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வந்தான். மரப்பெட்டி, இரண்டு கைக்கு அடங்குகிற அளவு. எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். வெண்பா மெத்தை நாற்காலியைக் காட்டினாள். அதில் வைத்தான். லின் இரண்டு கையாலும் மூடியைத் தொட்டார். மகளிடம் என்னவோ பேசினார். அதை மட்டும் யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

அழுது முடித்தபின் சாந்தாமணிக்குப் பொறுப்பு வந்துவிட்டது. “நாளான்னைக்கு மகாளயம் ஆரம்பம். சாம்பலை இப்படி வீட்டுக்குள்ள வெச்சிருக்கப்படாது தம்பி. பவானி கூடுதுறைக்கு நானே கொண்டுபோறேன். அமாவாசைக்குள்ள ஆத்துல விட்டாத்தான் அவளுக்கு நல்ல கதி. டிக்கெட் போடு.”

அதே சமயம் லின்னும் பேத்தியிடம் பேசினார். வெண்பா அத்தைக்கும் புரியட்டும் என்று அப்பாவிடம் தமிழிலேயே சொன்னாள். “நாளைக்குக் காலையில கோங்கோங் மம்மியைக் கூட்டிட்டுப் போறாங்களாம். போபோ பாட்டி பக்கத்துல இடம் இருக்காம், செமட்டரியில.”

சேனாபதி அக்காவைப் பார்த்தான், மாமனாரைப் பார்த்தான். இரண்டு பேரும் யூலான்மேல் வைத்த பாசத்தில்தான் பேசினார்கள். அதனால்தான் அவனுக்குப் பயமாக இருந்தது.

வெண்பா மேஜையைச் சுற்றிக்கொண்டு போனாள். பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தாள். அதுவரை அழாத குழந்தைக்கு இப்போது உதடு துடித்தது.

“நோ,” என்றாள். அத்தைக்காக ஒரு தடவை, தாத்தாவுக்காக ஒரு தடவை, இரண்டு மொழியிலும் சொன்னாள். “யாரும் கூட்டிட்டுப் போகக் கூடாது. மம்மி இப்பதான் வீட்டுக்கு வந்திருக்காங்க.”